எறிந்தவர்களும் எண்ணியவர்களும்

தாயக்கட்டை இரண்டை உருட்டினாலும் ஆறு சோழிகளைக் குலுக்கிப் போட்டாலும் ஆடுவது ஒரே ஆட்டம் என்றுதான் தாயம் ஆடுகிறவர்கள் நினைக்கிறார்கள். கட்டம் ஒன்று, காய்கள் ஒன்று, பல ஊர்களில் விதியும் ஒன்று: தாயம், அதாவது ஒன்று, விழுந்தால்தான் காய் இறங்கும், தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் இன்னொரு முறை போடலாம். ஆனால் கணக்குப் போட்டால் இவை இரண்டு வெவ்வேறு ஆட்டங்கள். நீண்ட பித்தளைக் கட்டைக்கு நான்கு பக்கங்கள். மூன்று பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள், ஒரு பக்கம் வெறுமை. இரண்டு கட்டைகள் சேர்ந்து 16 விதமாக விழலாம். அவற்றில் தாயம் 2, ஐந்து 2, ஆறு 1, இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டு 1. ஆக, மறுபடி போடும் வாய்ப்பு 16க்கு 6, அதாவது நூற்றுக்கு முப்பத்தேழரை. சோழியில் வாய் மேலே தெரிய விழுந்தவற்றை எண்ணுகிறோம். ஆறும் கவிழ்ந்தால் பன்னிரண்டு. ஒவ்வொரு சோழிக்கும் நிமிர்வதும் கவிழ்வதும் சமம் என்று வைத்துக்கொண்டால், 64 விதங்களில் தாயம் 6, ஐந்து 6, ஆறு 1, பன்னிரண்டு 1. மறுபடி போடும் வாய்ப்பு 64க்கு 14, நூற்றுக்கு 22 மட்டுமே. சோழி ஆட்டம் ஏன் மெதுவாக நகர்கிறது என்பதற்கு இதுவே போதுமான விளக்கம்போலத் தோன்றும்.

இந்த இரண்டாவது கணக்கை நம்ப முடியாது. அது முழுவதும் ஓர் அனுமானத்தில் தொங்குகிறது. சோழியின் ஒரு பக்கம் முதுகுபோல் வளைந்தது, மறுபக்கம் தட்டையானது, நடுவே பல் வைத்த பிளவு. இரு பக்கமும் சமமாக விழ வேண்டும் என்பதற்கு அதன் வடிவத்தில் எந்தக் காரணமும் இல்லை. ஒரு சோழி நூற்றுக்கு ஐம்பது முறைக்குப் பதில் நாற்பது முறைதான் நிமிரும் என்று வைத்துக்கொண்டால், தாயம் விழும் வாய்ப்பு நூற்றுக்கு 9இலிருந்து 19க்கு அருகில் தாவிவிடும். ஒரு சிறு சாய்வு ஆட்டத்தின் போக்கையே இரட்டிப்பாக்குகிறது. அந்தச் சாய்வு எவ்வளவு என்பதை உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க வழியில்லை. சோழியை எடுத்து நூற்றுக்கணக்கான முறை எறிந்து எண்ண வேண்டும். ஒரு பக்கம் தேய்த்து வெள்ளை தெரியவைத்த புளியங்கொட்டைக்கும் இதேதான். பள்ளிக்கூடத்தில் நிகழ்தகவு கற்பிக்கும்போது கோட்பாட்டுக் கணக்கே உண்மை என்றும், சோதனையில் கிடைக்கும் எண் அதை நோக்கித் தட்டுத்தடுமாறி வரும் தோராயம் என்றும் ஒரு வரிசை மனத்தில் பதிந்துவிடுகிறது. எறிதல் என்ற பழக்கத்தின் வரலாறு இதற்கு நேர்மாறாக நடந்திருக்கிறது. ஆறு முகமும் சமம் என்பது ஒரு பொருளைப் பற்றிய கோரிக்கை. அந்தக் கோரிக்கைக்குத் தீர்ப்பு சொன்னது எப்போதும் எண்ணிவைத்த பதிவுதான் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

மனிதர்கள் முதலில் எறிந்த பொருள்கள் எவையும் சமமானவை அல்ல. மத்தியதரைக்கடல் நாடுகளில் ஆடு, செம்மறிகளின் கணுக்கால் எலும்பை எறிந்தார்கள். அது நான்கு பக்கமாக நிற்கும்; இரண்டு பக்கம் அகலம், இரண்டு பக்கம் குறுகல். அகலமானவற்றுக்கு மூன்று, நான்கு என்றும், குறுகியவற்றுக்கு ஒன்று, ஆறு என்றும் மதிப்பு. பிற்காலத்தில் எறிந்து எண்ணிப் பார்த்தவர்களுக்கு அகலப் பக்கம் ஒவ்வொன்றும் பத்துக்கு நான்கு முறையும், குறுகிய பக்கம் ஒவ்வொன்றும் பத்துக்கு ஒரு முறையும் அண்ணளவாக விழுந்தன. வேதகால இந்தியாவில் தான்றிக்காய்களே சூதுக்கருவி. ரிக்வேதத்தில் சூதாடியின் புலம்பலாக ஒரு தனிப் பாடலே இருக்கிறது. தான்றிக்காயில் எந்தப் பக்கம் எது என்று சொல்வதே கடினம். அங்கே கைநிறையக் காய்களை அள்ளி, எண்ணிக்கை நான்கால் மீதமின்றி வகுபடுகிறதா என்று பார்த்ததாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இந்தப் பொருள்கள் எதிலும் சமவாய்ப்பு என்ற எண்ணம் பிறந்திருக்க முடியாது. பிறக்காமல் போனது மூளைக் குறைவால் அல்ல, கையிலிருந்த பொருள் அதற்கு இடம் தராததால்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். பல நூற்றாண்டுகள் எறிந்தவர்களுக்கு எது அடிக்கடி விழும், எது அரிது என்ற அனுபவ அறிவு வந்திருக்க வேண்டாமா? ரோமானியர் நான்கு எலும்புகளை எறிந்த ஆட்டத்தில் நான்கும் வெவ்வேறு பக்கமாக விழுவது வீனஸ் என்ற மிகச் சிறந்த எறிவு. நான்கிலும் ஒன்று என்ற பக்கமே விழுவது நாய் என்ற மிக மட்டமான எறிவு. மேற்சொன்ன விகிதங்களை வைத்தால் வீனஸ் ஏறக்குறைய 26 எறிவுக்கு ஒரு முறை வரும். நாய் 10,000 எறிவுக்கு ஒரு முறை. அரிதானதற்கு அதிக மதிப்பு என்பது அவர்கள் விதியாக இருந்திருந்தால் இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்கும். எனவே மறுப்பில் பாதி உண்மை: எறிந்த அனுபவம் தானாக அறிவாக மாறுவதில்லை. எறிவு தெய்வத்தின் விருப்பம் என்று கருதப்பட்ட சமூகத்தில் ஒவ்வொரு விழுகையும் தனித்தனி செய்தி. செய்திகளைக் கூட்டிச் சராசரி பார்க்க யாருக்கும் தோன்றாது. எறிவதற்கும் எண்ணி எழுதுவதற்கும் இடையில் இருக்கும் தூரம் மிகப் பெரியது. அதைக் கடக்க ஐரோப்பாவுக்கே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மகாபாரதத்தின் வனபர்வத்தில் வரும் நளன் கதையை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. நளன் ஓட்டும் தேரில் போகும்போது மன்னன் இருதுபன்னன் ஒரு தான்றி மரத்தைப் பார்த்து, அதன் இரண்டு கிளைகளில் 2,095 காய்கள் என்று சொல்லிவிடுகிறான். நளன் நம்பவில்லை. தேரை நிறுத்தி, மரத்தை வெட்டிச் சாய்த்து, காய்களை எண்ணுகிறான். எண்ணிக்கை சரியாக இருக்கிறது. பிறகுதான் இருதுபன்னன் தனக்குத் தெரிந்த சூதின் நுட்பத்தை நளனுக்குக் கொடுக்கிறான், நளனைப் பிடித்திருந்த கலி விலகுகிறது. நிகழ்தகவுச் சிந்தனையின் தோற்றத்தை எழுதிய தத்துவவாதி இயன் ஹாக்கிங் இந்தக் காட்சியை வியந்து குறிப்பிட்டிருக்கிறார். மதிப்பிடும் கலையும் சூதின் கலையும் ஒரே மனிதனிடம், ஒரே மரத்தடியில் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த மரமும் சூதுக்காய் காய்க்கும் மரம். இதைக் கொண்டு நம் முன்னோர்களுக்கு நிகழ்தகவுக் கணிதம் தெரிந்திருந்தது என்று பெருமை பேசுவது தவறு. கதையில் விகிதமும் இல்லை, வாய்ப்பின் அளவும் இல்லை. ஆனால் ஒரு மதிப்பீடு சொல்லப்பட்டால் மரத்தை வெட்டியாவது எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற நளனின் பிடிவாதம் இருக்கிறது. எனக்கு அந்தக் கதையில் இருதுபன்னனின் திறமையைவிட அதுவே பெரிதாகப் படுகிறது.

கனசதுரப் பகடை பழங்காலத்திலேயே உண்டு. ஆனால் ரோமானியக் காலத்துப் பகடைகள் பலவற்றை அளந்தவர்கள், அவை கண்ணால் பார்த்தாலே தெரியும் அளவுக்கு நீள்சதுரமாக இருப்பதைக் கண்டார்கள். நெதர்லாந்தில் கிடைத்த பகடைகளைக் காலவரிசையில் வைத்து ஆராய்ந்த எர்கன்ஸ், தெ வோக்ட் இருவரும் ஏறத்தாழ 1450க்குப் பிறகுதான் பகடைகள் சீரான கனசதுரமாகவும், எதிரெதிர்ப் பக்கங்கள் ஏழாகக் கூடும்படியும் நிலைபெற்றதாகக் காட்டினார்கள். கணிதவியலாளர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் சூதின் வாய்ப்புகள் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்ட 1654க்கு இரண்டு நூற்றாண்டுகள் முன்பே, எலும்பு செதுக்கிய கைவினைஞர்கள் ஆறு முகத்தையும் சமமாக்கும் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். மிலான் மருத்துவர் கார்டானோ பதினாறாம் நூற்றாண்டில் எழுதி, அவர் இறந்து பல காலம் கழித்து 1663இல் அச்சான சூது நூலில் சமவாய்ப்புக் கணக்கைச் செய்கிறார். ஆனால் பகடை நேர்மையானதாக இருந்தால் என்ற நிபந்தனையோடு செய்கிறார். அந்த நிபந்தனையைத் தச்சரும் எலும்புச் செதுக்குநரும் நிறைவேற்றித் தர வேண்டியிருந்தது. ஆறில் ஒன்று என்ற பின்னம் கணித மேதையின் தலையில் உதிக்கும் முன் பட்டறையில் உருவாகியிருக்கிறது.

அடுத்த சாட்சி கலீலியோ. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் எழுதிய ஒரு சிறு குறிப்பு, மூன்று பகடை எறியும் சூதாடிகளின் ஐயத்துக்குப் பதில். ஒன்பது கூட்டுத்தொகையாக வருவதற்கு ஆறு சேர்க்கைகள், பத்துக்கும் ஆறு. அப்படியானால் இரண்டும் சமமாக வர வேண்டும். ஆனால் நீண்ட காலம் பார்த்த ஆட்டக்காரர்கள் பத்தே அனுகூலம் என்று நம்பினார்கள். கலீலியோ வரிசையையும் கணக்கில் எடுத்து 216 விதங்களை எண்ணினார்: ஒன்பதுக்கு 25, பத்துக்கு 27. மூன்றும் மூன்றாக விழுவது ஒரே விதம், ஆனால் ஒன்று, இரண்டு, ஆறு என்பது ஆறு விதமாக விழலாம் என்பதை ஆட்டக்காரர்களின் கணக்கு கவனிக்கவில்லை. இங்கே யார் யாரைத் திருத்தினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆட்டக்காரர்களிடம் ஒரு கோட்பாடு இருந்தது, அது தவறு. அவர்களுடைய அனுபவம் அந்தக் கோட்பாட்டோடு முரண்பட்டது. அனுபவம் விட்டுக்கொடுக்கவில்லை, கோட்பாடுதான் திருத்தி எழுதப்பட்டது.

இதையும் மறுக்கலாம். 25க்கும் 27க்கும் உள்ள வேறுபாடு 108இல் ஒன்று. அதைத் தற்செயலிலிருந்து ஓரளவு உறுதியாகப் பிரித்தறிய பத்தாயிரத்துக்கு மேற்பட்ட எறிவுகள் தேவை. குறிப்பேடு வைத்துக்கொள்ளாத சூதாடிக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? நியாயமான கேள்வி. ஒரு தனி ஆளால் முடிந்திராது என்பதை ஏற்கிறேன். ஆனால் நாள்தோறும் பணம் கைமாறும் தொழிலில், பலருடைய இழப்பும் லாபமும் வாய்வழியாகச் சேர்ந்து ஒரு பொது நம்பிக்கையாகத் திரண்டிருக்கக்கூடும். கலீலியோவும் அதைத் தனி ஒருவரின் கண்டுபிடிப்பாகச் சொல்லவில்லை. பாஸ்கலிடம் சூதுக் கணக்குக் கேட்ட ஷெவாலியே த மேரே விஷயத்தில் மறுப்பாளர்கள் பக்கமே நிற்கிறேன். ஒரு பகடையை நான்கு முறை எறிந்து ஓர் ஆறாவது விழும் என்று பந்தயம் கட்டுவது நூற்றுக்கு 51.8 அளவு சாதகம். இரண்டு பகடையை 24 முறை எறிந்து இரட்டை ஆறு விழும் என்பது 49.1, பாதகம். பணத்தை இழந்துதான் அவர் இதை உணர்ந்தார் என்று புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருக்கின்றன. பாஸ்கலின் கடிதத்தைப் படித்தால், எண்கணிதம் தனக்குத் தானே முரண்படுகிறது என்பதுதான் அவருடைய குறை என்று தெரிகிறது. ஆறுக்கு நான்கு என்றால் முப்பத்தாறுக்கு இருபத்துநான்கு என்ற விகிதக் கணக்கு ஏன் பொய்த்தது என்று கேட்டார். காகிதத்தில் பிறந்த சிக்கல் அது. ஆட்டப் பலகையில் பிறந்ததல்ல.

பகடையை விட்டு வெளியே வந்தால் வாதம் இன்னும் தெளிவாகும். லண்டனில் கொள்ளைநோய்ப் பயத்தால் வாரந்தோறும் இறப்புப் பட்டியல்கள் வெளியிடப்பட்டன. அவற்றோடு ஞானஸ்நான எண்ணிக்கையும் சேர்ந்தது. துணிமணி வணிகரான ஜான் கிராண்ட் 1662இல் அந்தப் பட்டியல்களைத் தொகுத்து, 13 பெண் குழந்தைகளுக்கு 14 ஆண் குழந்தைகள் என்ற விகிதத்தைக் கண்டார். ஆண், பெண் என்று இரண்டே சாத்தியம். எனவே பாதிக்குப் பாதி என்பது கேட்க எவ்வளவு இயல்பாக இருக்கிறது! பதிவேடு அதை ஏற்கவில்லை. 1629 முதல் 1710 வரை 82 ஆண்டுகளிலும் ஒரு ஆண்டு தவறாமல் ஆண் ஞானஸ்நானங்களே அதிகம் என்று அரசி ஆனின் மருத்துவர் ஆர்பத்நாட் காட்டினார். பாதிக்குப் பாதி என்றால் இது தற்செயலாக நிகழும் வாய்ப்பு 25 இலக்க எண்ணில் ஒன்று. ஆகவே இது கடவுளின் திட்டம் என்றார் அவர். கணிதவியலாளர் நிக்கோலஸ் பெர்னூலி தந்த பதில் இந்த வரலாற்றின் மிக அழகான இடங்களில் ஒன்று: 35 முகமுள்ள ஒரு பகடையைக் கற்பனை செய்யுங்கள், 18 முகம் ஆண், 17 முகம் பெண், அதை எறிந்தால் லண்டன் பதிவேடு போலவே வரும். இயற்கையில் இல்லாத ஒரு பகடையை, பதிவேட்டின் அளவுக்கு ஏற்பச் செதுக்கிக் காட்டினார். கோட்பாடு பதிவுக்குப் பின்னால் நடந்து வந்தது.

நிக்கோலஸின் பெரியப்பா யாக்கோப் பெர்னூலி இதற்கான அடித்தளத்தை முன்பே போட்டிருந்தார். நோய்கள் எத்தனை, அவை உடலை எத்தனை விதமாகத் தாக்கும் என்று பகடை முகங்களைப்போல் யாரால் எண்ண முடியும் என்று கேட்டவர் அவர். முன்கூட்டி எண்ண முடியாததை, பலமுறை பார்த்துப் பின்னால் அறியலாம் என்பது அவர் வழி. 3,000 வெள்ளைக் கற்களும் 2,000 கறுப்புக் கற்களும் உள்ள குடத்தை உதாரணமாக எடுத்து, அந்த விகிதத்தை ஐம்பதில் ஒரு பங்குக்குள் பிடிக்க, ஆயிரத்துக்கு ஒன்று என்ற உறுதி வேண்டுமானால் 25,550 முறை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று கணக்கிட்டார். இந்தக் கணக்கு இடம்பெற்ற நூல் அவர் இறந்து எட்டாண்டுகள் கழித்து 1713இல் வெளிவந்தது. 25,550 என்பது அன்றாட வாழ்வுக்கு அச்சமூட்டும் எண். பத்து முறை நாணயம் சுண்டி ஏழு தலை விழுந்ததும் நாணயத்தைச் சந்தேகிக்கும் மாணவருக்கு இந்த எண்ணைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இங்கேதான் என் வாதத்துக்கு எதிரான மிகக் கடினமான மறுப்பு இருக்கிறது: கோட்பாடு இல்லாமல் பதிவு பேசுமா? 1894இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி விலங்கியலாளர் வெல்டன் 12 பகடைகளை 26,306 முறை எறிந்த கணக்கைப் புள்ளியியலாளர் கால்டனுக்கு எழுதி அனுப்பினார். அவற்றில் 7,006 எறிவுகள் ஓர் எழுத்தர் செய்தவை. மொத்தம் 3,15,672 பகடை விழுகைகள். ஐந்தோ ஆறோ விழுவது மூன்றில் ஒன்று என்றால் 1,05,224 வர வேண்டும். வந்தது 1,06,602. கூடுதல் 1,378. இது அதிகமா, இயல்பா? வெறும் பதிவை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் பதில் வராது. சமமான பகடையிலும் இவ்வளவு எறிவில் சராசரியாக 265 அளவு விலகல் இருக்கும் என்று கோட்பாடு சொல்கிறது. வந்த விலகல் அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 1900இல் கைவர்க்கச் சோதனையை அறிமுகப்படுத்திய கட்டுரையில் இந்தத் தரவையே எடுத்து, இத்தகைய விலகல் தற்செயல் என்பதற்கு எதிராக 62,499க்கு 1 என்று காட்டினார். ஆறு குழி தோண்டிய முகம் லேசானது, எதிரே ஒரே குழி உள்ள முகம் கனமானது. கனமான பக்கம் கீழே போகும் என்பது எளிதில் தோன்றும் விளக்கம். 2009இல் சிகாகோவில் லேபி என்ற ஆய்வாளர் இயந்திரம் வைத்து அதே அளவு எறிவை மீண்டும் செய்தபோது ஒன்றும் ஆறும் அதிகம் விழுந்தன. அவரது பகடைகளில் அந்த இரு முகங்களுக்கு இடைப்பட்ட நீளம் மற்றவற்றைவிடச் சற்றே குறைவு. இரண்டு தொகுதிப் பகடைகள், இரண்டு விதமான சாய்வு. சூதாட்ட விடுதிகளில் பகடையின் குழிகளை அதே அடர்த்தியுள்ள பொருளால் நிரப்பிச் சமன் செய்வதும் இந்தச் சிக்கலுக்காகத்தான்.

ஆக, மறுப்பை நான் ஏற்கிறேன். ஆனால் அது என் வாதத்தை அழிக்கவில்லை, கூர்மையாக்குகிறது. கோட்பாட்டுக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஆறில் ஒன்று என்று சொல்வது ஒன்று. ஆறில் ஒன்று என்றால் எவ்வளவு விலகல் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று சொல்வது மற்றொன்று. பள்ளிப் பாடம் முதல் வேலையிலேயே நின்றுவிடுகிறது. அது இரண்டில் எளியது, பல நேரங்களில் தவறானதும்கூட. இரண்டாவது வேலைதான் பதிவைப் பேசவைக்கிறது. தென்னாப்பிரிக்கக் கணிதவியலாளர் ஜான் கெரிச் 1940இல் டென்மார்க்கில் ஜெர்மானியப் படையெடுப்பில் சிக்கிக் காவலில் இருந்தபோது நாணயத்தை 10,000 முறை சுண்டி 5,067 தலை கண்டது பலருக்கும் தெரியும். பாதிக்கு அருகில் வந்தது என்று சொல்லி அந்த எண்ணைப் பாடநூல்கள் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொண்டன. ஒரு பக்கம் ஈயம் பூசிய மர வட்டைச் சுண்டி, ஆயிரத்துக்கு 679 முறை ஒரே பக்கம் விழுந்ததை அவர் கண்டதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அந்த மர வட்டே முக்கியமானது. இரண்டு பக்கம் இருக்கிறது, ஆனால் பாதிக்குப் பாதி இல்லை. எந்த அளவு இல்லை என்பதைச் சுண்டியவர் மட்டுமே சொல்ல முடிந்தது. சோழியும் புளியங்கொட்டையும் இந்த மர வட்டின் உறவினர்கள்.

சமமான நாணயம்கூட முழுவதும் சமமாக விழுவதில்லை என்பது அண்மைக்கால முடிவு. 2007இல் புள்ளியியலாளர் டயாகோனிஸும் அவருடைய கூட்டாளிகளும், கையால் சுண்டும் நாணயம் சுழலும்போது அச்சில் சற்றே தள்ளாடுவதால், சுண்டும்போது மேலே இருந்த பக்கமே மீண்டும் மேலே விழ நூற்றுக்கு 51 அளவு வாய்ப்பு உண்டு என்று இயக்கவியலைக் கொண்டு கணித்தார்கள். 2023இல் 48 பேர் சேர்ந்து 3,50,757 முறை சுண்டிப் பதிவு செய்த ஆய்வு வெளிவந்தது. தொடங்கிய பக்கமே விழுந்தது நூற்றுக்கு 50.8, தலை, பூ என்று பார்த்தால் வேறுபாடு இல்லை. சிலரிடம் இந்தச் சாய்வு அதிகம், சிலரிடம் ஏறக்குறைய இல்லை, ஆகவே அது நாணயத்தில் இல்லை, சுண்டும் கையில் இருக்கிறது. கிரிக்கெட் ஆட்டத்தில் ஒரு அணித்தலைவர் சுண்ட, மற்றவர் தலையா பூவா சொல்லும்போது, கட்டைவிரல் மேல் எந்தப் பக்கம் இருந்தது என்பது சொல்பவர் கண்ணில் படாதவரை இது யாருக்கும் சாதகமில்லை. கண்ணில் பட்டால், அந்தப் பக்கத்தையே சொல்கிறவருக்கு நூறு ஆட்டத்தில் ஒரு ஆட்டத்துக்கும் குறைவான லாபம் உண்டு.